சூரிய மின்கலமும் சிறு விரிசலும்

நம் காலாப்பட்டில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. அதை மின்சாரமாக்கும் சூரிய மின்கலங்கள், திருநெல்வேலியை அடுத்த கங்கைகொண்டானில் டாட்டா தொழிற்சாலையில் 2024 முதல் தயாராகின்றன.

சிலிக்கான் தகட்டின் தடிமன் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கையாளும்போதும், உலோகப் பட்டைகளைப் பற்றவைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழலாம். தொடராக இணைத்த கலங்களில் ஒன்று பழுதானால், மற்றவற்றின் மின்னோட்டமும் குறையும். பழுதான கலம் சூடேறிக் கருகவும் கூடும்.

இதைக் கண்டறிவது எப்படி? இருட்டில் கலத்தினுள் மின்சாரம் செலுத்தினால், அது அகச்சிவப்பு ஒளி வீசும். அதற்கென அமைந்த கேமராவின் படத்தில், மின்சாரம் எட்டாத பகுதி கருமையாகத் தெரியும். பல கலங்களில் ஒரே இடத்தில் விரிசல் கண்டால், எந்த இயந்திரம் மிகுதியாக அழுத்துகிறது என்றறிந்து திருத்தலாம்.

பழுதானதைக் கழிப்பதோடு நில்லாமல், பழுதின் காரணத்தையும் களைவதே சிறந்த சிக்கனம் என்பதை நாம் உணர்வோமாக!