மஞ்சள்தூள்: வாங்கும்போதும் வைத்திருக்கும்போதும் கவனிக்க வேண்டியவை

"மஞ்சள் கிழங்கிலையிருந்து வாறது, இயற்கையானது, அதிலை என்ன ஆபத்து?" என்று கேட்பவர்கள் எங்களுக்குள் நிறையப் பேர். கேள்வி நியாயமானதுதான். சமையலுக்குப் போடும் அளவு நல்ல மஞ்சளால் அநேகமாக ஒருவருக்கும் தீங்கு வருவதில்லை. ஆனால் அதனோடு யாரோ கலந்துவிட்ட பொருளாலும், ஈரம் பிடிக்கும் லண்டன் குசினிகளில் நாங்கள் அதை வைத்திருக்கும் விதத்தாலும் தீங்கு வரலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். கடைகளில் சின்னப் பைக்கற்றில் விற்கும் கேசரிப் பவுடர், 'மஞ்சள் கலர்' என்பவை மஞ்சளும் அல்ல, குங்குமப்பூவும் அல்ல. அவற்றில் பெரும்பாலும் இருப்பது ராட்ராசீன் (ஈ 102), சன்செற் யெலோ (ஈ 110) போன்ற செயற்கைச் சாயங்கள். சவுதாம்ப்ரன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று 2007 இல் வெளியான பின்னர், இவை உட்பட ஆறு சாயங்களில் ஏதாவது சேர்ந்த உணவின் லேபலில், பிள்ளைகளின் நடத்தையையும் கவனத்தையும் இது பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று 2010 யூலை 20 முதல் சட்டமானது. ஈ எண் இருந்தாலே கெட்டது என்று நினைக்கவும் வேண்டாம். மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமினுக்கும் ஈ 100 என்ற எண் உண்டு. பீற்றூட் சிவப்புக்கு ஈ 162.

இனி கலப்படம். 2005 பெப்ரவரியில் பிரித்தானியாவில் நானூறுக்கும் மேற்பட்ட உணவுப் பொருட்கள் கடைகளிலிருந்து திருப்பி எடுக்கப்பட்டன. காரணம், ஒரு வூஸ்ரர் சோஸில் சேர்த்த மிளகாய்த்தூளில் இருந்த சூடான் 1 என்ற சாயம். அது மெழுகுக்கும் சப்பாத்துப் பொலிசுக்கும் போடுவது, உணவில் சேர்க்கத் தடை செய்யப்பட்டது. மஞ்சளுக்கு வந்த பிரச்சினை இதைவிடப் பாரதூரமானது. பங்களாதேசில் மஞ்சள் கிழங்கு பளிச்சென்று தெரிய ஈயக் குரோமேற்று என்ற பெயின்ற் நிறப்பொருளைப் பூசுகிறார்கள் என்று 2019 இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த அரசு சந்தைகளில் சோதனை போட்டு, தண்டமும் விதித்தது. 2021 அளவில் அங்கே சந்தையில் எடுத்த மாதிரிகளில் ஈயம் காணப்படவில்லை. கடுமையாக நின்றால் நிறுத்தலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம். ஆனால் 2024 இல் வெளியான இன்னொரு ஆய்வில் இந்தியாவின் பட்னா, பாகிஸ்தானின் கராச்சி, பெசாவர் போன்ற நகரங்களின் மாதிரிகளில் ஈயம் கூடுதலாக இருந்தது.

ஈயத்துக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. வளரும் பிள்ளைகளின் மூளையைத்தான் அது முதலில் தாக்கும். கர்ப்பிணிகளின் உடம்பிலிருந்து சிசுவுக்கும் போகும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

ஆகவே கொள்வனவு செய்யும்போது முத்திரையிட்ட பைக்கற்றாகவும், இங்கே இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, தொகுதி இலக்கம் (பட்ச் நம்பர்), திகதி எல்லாம் உள்ளதாகவும் பார்த்து வாங்குங்கள். பெயர் இல்லாத பொலித்தீன் பையில் நிறுத்துத் தருவது ஐம்பது பென்ஸ் மலிவாக இருக்கலாம். ஆனால் பிழை என்று தெரியவந்தால் எங்கே இருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை. முழுக் கிழங்கு வாங்கினால் ஈரக் கையால் தேய்த்துப் பாருங்கள். நிறம் உடனே பூச்சுப் போலக் கழன்று வந்தால் வேண்டாம். தூளை ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டுப் பார்ப்பதும் உண்டு: நல்லது வெளிர் மஞ்சளாகி அடியில் படியும், சாயம் கலந்தது கடும் மஞ்சளாக நிற்கும். இது ஒரு சந்தேகச் சோதனை மட்டுமே, இதில் தேறியது சுத்தம் என்று முடிவு கட்டாதீர்கள்.

ஊரிலிருந்து வரும் பார்சல் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 இல் இலங்கையில் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டு விலை பல மடங்கு ஏறியபோது, மா கலந்த தூளும் சந்தைக்கு வந்தது. அம்மா வளவில் கிண்டி, அவித்து, காயவைத்து, தெரிந்த மில்லில் அரைத்து அனுப்பினால் அதற்கு நிகர் வேறில்லை. ஆனால் நன்றாகக் காய்ந்ததா என்று கேளுங்கள்.

காரணம் பூஞ்சணம். ஈரம் பட்ட மஞ்சள்தூளில் பூஞ்சணம் பிடித்தால் அஃபிளாரொக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம், அதைச் சமையல் சூடு அழிக்காது. ஊரிலை வெயிலில் காயப்போட்டால் சரி. இங்கே மாரி காலத்தில் யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வடியும் அறையில் அது நடக்காது. கட்டி பட்டிருந்தால், பழைய மண் வாசம் அடித்தால், முழுவதையும் எறியுங்கள். மேலே உள்ளதை மட்டும் அள்ளிவிட்டு மிச்சத்தைப் பாவிப்பது கூடாது.

வைத்திருக்கும் முறை சுலபம்தான். இறுக மூடும் ரின்னில், அல்லது போத்தலானால் இருட்டான கபேட்டுக்குள் வையுங்கள். குர்குமின் வெளிச்சத்தில் வெளிறிப் போகும், யன்னல் ஓரத்தில் அழகுக்கு வைத்த கண்ணாடிப் போத்தலில் சில மாதங்களில் நிறம் குறைவது அதனால்தான். குக்கருக்கு மேலே உள்ள தட்டு மிகவும் கூடாத இடம். கொதிக்கும் சட்டிக்கு மேலே ரின்னைக் கவிழ்த்துத் தட்டினால் ஆவி உள்ளே போய்விடும், உலர்ந்த கரண்டியால் வெளியே எடுத்துப் போடுங்கள். பிரிட்ஜிலும் வைக்க வேண்டாம், வெளியே எடுத்துத் திறக்கும்போது வியர்த்துவிடும். பகிர்ந்த குசினி உள்ள விடுதியில் இருப்பவர்கள் ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, பெயரும் திறந்த திகதியும் எழுதி அறையில் வைத்துக்கொள்ளலாம். பழைய தூள் முடிய முன்னர் புதியதை அதன் மேல் கொட்டாதீர்கள்.

மஞ்சள் கிருமியைக் கொல்லும் என்று நம்பி மஞ்சள் சோற்றை இரவு முழுக்க வெளியே விடுபவர்கள் இருக்கிறார்கள். பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அவிந்த சோற்றிலும் தப்பும், சோறு சூடாறிக் கிடக்கும்போது பெருகும். ஒரு மணித்தியாலத்துக்குள் ஆறவைத்து பிரிட்ஜில் வைத்து, 24 மணித்தியாலத்துக்குள் முடியுங்கள். கைக்குழந்தையின் தொப்புளிலோ திறந்த காயத்திலோ சமையல் மஞ்சள் பூசவும் வேண்டாம், அது கிருமி நீக்கிய பொருள் அல்ல. இரத்தம் உறையாமல் வோபரின் எடுப்பவர்கள் மஞ்சள் மாத்திரை தொடங்க முன்னர் டொக்டரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் சோட் ஈற்ஸ் செய்து, தூள் வறுத்து விற்பவர்களுக்கு: தொடங்குவதற்கு 28 நாட்களுக்கு முன்னர் உங்கள் கவுன்சிலில் உணவுத் தொழிலாகப் பதிய வேண்டும், கட்டணம் இல்லை. எங்கே வாங்கிய தூள் என்ற பில்லை வைத்திருங்கள். புகலிடக் கோரிக்கை முடியாமல் வேலை அனுமதி இல்லாதிருப்பவர்கள் கவனம், காசுக்குச் சமைத்துக் கொடுப்பதும் வேலையாகவே கணிக்கப்படும். முதலில் உங்கள் சட்டத்தரணியிடமோ ஆலோசகரிடமோ கேளுங்கள்.

வாடகை வீட்டின் வெள்ளை மேசைத்தட்டில் மஞ்சள் பட்டால் சவர்க்காரம் போட்டதும் சிவக்கும், பயப்படாதீர்கள். துடைத்துவிட்டு வெயில் படவிட்டால் மெல்ல மங்கும். துணியானாலும் அப்படித்தான். டெப்பொசிற்றைக் காப்பாற்ற இது உதவும்!

சந்தேகமான பைக்கற் கையில் இருந்தால் எறியாமல், பில்லோடு தனியாக வைத்து, கவுன்சிலின் உணவுப் பாதுகாப்புப் பிரிவுக்கு அறிவியுங்கள். எப்.எஸ்.ஏ. எனப்படும் உணவுத் தர முகவரகம் திருப்பி எடுக்கும் பொருட்களின் அறிவித்தலை மின்னஞ்சலிலும் குறுந்தகவலிலும் இலவசமாக அனுப்புகிறது. பிள்ளைக்கு ஈயம் சேர்ந்திருக்குமோ என்று பயமிருந்தால் ஜீ.பீ.யிடம் இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். அப்பொயின்ற்மென்ற் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், அதற்குக் காசு இல்லை.