தண்ணீர் உண்டு, குளம் இல்லை!
நியூயார்க் குழந்தைகளின் கோடைக் கும்மாளம்

கோடை வந்துவிட்டால் அமெரிக்காவில் உள்ள நியூயார்க் நகரம் தகிக்கும். எங்கு பார்த்தாலும் மாடி வீடுகள், சிமெண்டுத் தரை. சின்னஞ்சிறு குழந்தைகள் எங்கே போய் உடம்பைக் குளிர வைப்பது?

தெரு ஓரத்தில் நிற்கும் தீயணைப்புக் குழாயைத் திறந்துவிட்டு ஆடுவது அந்த ஊர்ப் பிள்ளைகளின் பழைய வழக்கம். ஆனால் அது ஆபத்தான ஆட்டம்!

முழுதும் திறந்த குழாயில் இருந்து நிமிடத்துக்கு 1,000 காலன் (சுமார் 3,800 லிட்டர்) வரை தண்ணீர் பீறிடும். அந்த வேகம் சிறு குழந்தையைக் கீழே தள்ளிவிடும். அந்த நேரம் பக்கத்தில் தீப்பிடித்தால், அணைப்பதற்குத் தண்ணீரின் வேகம் போதாது.

எனவே, தீயணைப்பு நிலையத்தில் துளைகள் போட்ட மூடி ஒன்று கொடுக்கிறார்கள். 18 வயது நிரம்பியவர் போய்க் கேட்க வேண்டும். காசு கிடையாது. மூடியைப் பொருத்தினால் பூவாளியில் கொட்டுவதுபோல் தண்ணீர் வரும். நிமிடத்துக்குச் சுமார் 25 காலன்தான் செலவு.

பூங்காவில் மழை

இதைவிட நல்ல ஏற்பாடு பூங்காக்களில் இருக்கிறது. அதுதான் "ஸ்பிளாஷ் பேட்" என்னும் தண்ணீர் விளையாட்டுத் தளம். நியூயார்க்கில் நூற்றுக்கணக்கான பூங்காக்களில் இப்படித் தண்ணீர் தெளிக்கும் இடங்கள் உண்டு. நுழைவுக் கட்டணம் இல்லை.

தரையில் இருந்து தண்ணீர் பீச்சி அடிக்கும். உயரமான கம்பத்தில் இருந்து மழைபோல் கொட்டும். சில இடங்களில் பொத்தானை அழுத்தினால்தான் தண்ணீர் வரும். சிறிது நேரத்தில் தானே நின்றுவிடும். உடனே, "நான்தான் அழுத்துவேன்!" என்று பிள்ளைகளுக்குள் போட்டி!

கொட்டும் தண்ணீர் தேங்குவதில்லை. சாக்கடைத் துவாரம் வழியாக உடனே வடிந்துவிடும். அதனால் நீச்சல் குளத்தைப்போல் மூழ்கிவிடும் பயம் இல்லை. நடை பழகும் குழந்தையையும் தாய்மார்கள் அழைத்து வருவதற்கு இதுதான் காரணம்.

ஆனாலும் கண் எடுக்கக் கூடாது. ஈரத் தரையில் ஓடினால் வழுக்கும். ஈரம் படாத இடம் வெயிலில் சுடும். ரப்பர் செருப்பும், துண்டும், மாற்று உடையும் கொண்டு போவது நல்லது.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

மூழ்கும் பயம் இல்லை, சரி. வேறு பயம் உண்டா? உண்டு. அது வயிற்றில் இருக்கிறது!

சில தளங்களில் குழாய்த் தண்ணீர் ஒரு முறை கொட்டிச் சாக்கடைக்குப் போய்விடும். வேறு சில தளங்களில் அதே தண்ணீர் தொட்டியில் சேர்ந்து, வடிகட்டி, குளோரின் மருந்து கலந்து, மீண்டும் மேலே வரும். இந்த இரண்டாவது வகையில்தான் கவனம் அதிகம் வேண்டும்.

தண்ணீர் சிறு துளிகளாகச் சிதறும்போது குளோரின் குறைந்துகொண்டே போகும். "கிரிப்டோஸ்போரிடியம்" என்ற கிருமியோ குளோரின் தண்ணீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். கடுமையான வயிற்றுப்போக்கை உண்டாக்கும்.

2005-ம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் உள்ள செனகா ஏரிப் பூங்காவில் இதுதான் நடந்தது. தண்ணீரில் விளையாடியவர்களில் ஆயிரக்கணக்கானோர் நோயில் விழுந்தார்கள். பிறகு அந்த மாநிலம் புது விதிகளைக் கொண்டுவந்தது. சுழன்று வரும் தண்ணீரில் உள்ள கிருமியைப் புற ஊதாக் கதிரால் கொல்ல ஏற்பாடு ஆயிற்று.

அமெரிக்கா முழுவதும் 1997 முதல் 2022 வரை இத்தகைய தளங்களால் 60 முறை நோய் பரவியதாக அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் கணக்குச் சொல்கிறது. 10,611 பேர் நோயுற்றார்கள். 152 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். நல்ல வேளையாக, உயிர்ச்சேதம் இல்லை.

தாய்மார் கவனத்துக்கு

கிருமி எப்படித் தண்ணீருக்கு வருகிறது? குழந்தையின் உடம்பில் இருந்துதான்! பீச்சி அடிக்கும் தண்ணீர்மேல் குழந்தை உட்கார்ந்தால், பின்புறத்தில் ஒட்டியுள்ள மலம் கழுவிக்கொண்டு போய்விடும். அதே தண்ணீரை அடுத்த குழந்தை "ஆ" என்று வாயில் பிடித்து விழுங்கும்.

ஆகவே, வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையை அங்கே அழைத்துப் போகக் கூடாது. அரைத்துணியோ டயப்பரோ அதைத் தடுக்காது. மணிக்கு ஒரு முறை குழந்தையை வெளிக்கு அழைத்துப் போக வேண்டும். டயப்பரைத் தண்ணீர் பக்கத்தில் மாற்றக் கூடாது. "தண்ணீரைக் குடிக்காதே; குழாய்மேல் உட்காராதே" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தாகத்துக்கு வீட்டுத் தண்ணீர் கையோடு இருக்கட்டும்.

தண்ணீரைச் சுத்தம் செய்வது பூங்கா ஊழியர்களின் வேலை. அதை அசுத்தம் ஆக்காமல் இருப்பது பெற்றோர்களின் வேலை. இரண்டும் ஒழுங்காக நடந்தால், குழந்தைகளுக்குக் கோடை முழுவதும் கொண்டாட்டம்தான்!