உங்களுக்குத் தெரியுமா? வெறும் வயிறும் மீன் எண்ணெய் மாத்திரையும்
வெறும் வயிற்றில் விழுங்கும் மீன் எண்ணெய் மாத்திரையில் பெரும்பகுதி உடலில் சேராமலே போகலாம். மாத்திரையே எண்ணெய்தானே, அதற்குத் துணையாக இன்னொரு கொழுப்பு எதற்கு என்று கேட்கலாம். ஒரேயொரு கிராம் எண்ணெய்க்காகப் பித்தப்பை பெரிதாக அசைந்து கொடுக்காது. பித்தநீரும் கணைய நொதியும் போதிய அளவு சுரந்தால்தான் கொழுப்பு உடைந்து குடலில் உறிஞ்சப்படும். அதிலும் செறிவூட்டிய மாத்திரைகள் பலவற்றில் ஒமேகா-3 எத்தில் எஸ்டர் வடிவில் இருக்கிறது. மீனில் இயல்பாக உள்ள டிரைகிளிசரைடைப் போல அது சட்டென்று உடைவதில்லை. 1988-இல் வெளியான ஓர் ஆய்வில், 8 கிராம் கொழுப்புள்ள உணவோடு கொடுத்ததைவிட 44 கிராம் கொழுப்புள்ள உணவோடு கொடுத்தபோது எத்தில் எஸ்டர் உறிஞ்சப்படும் அளவு மூன்று மடங்காகி, ஏறத்தாழ 60 சதவீதத்தை எட்டியது. 44 கிராம் என்றால் மூன்று மேசைக்கரண்டி நெய்! மாத்திரைக்காக யாரும் அவ்வளவு சாப்பிட வேண்டாம்தான். காலைக் காபிக்கு முன் விழுங்குவதை, தாளிப்பும் முட்டைப் பொரியலும் உள்ள மதியச் சாப்பாட்டுக்குத் தள்ளிவைக்கலாம்.