ஒரே மாத்திரை, வேறு வேறு உடம்பு

மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொள்ளும் இருவர் மனம்விட்டுப் பேச வாய்த்தால், பேச்சு சீக்கிரமே மாத்திரையின் பெயரில் வந்து நிற்கும். "எஸ்சிடலோபிராம் ஆரம்பிச்சு மூணு வாரத்துல தெளிஞ்சுட்டேன்" என்பார் ஒருவர். "அதே மாத்திரை எனக்கு வயித்தைப் புரட்டி, தூக்கத்தையும் கெடுத்துச்சு. வேற மருந்துக்கு மாத்தின பிறகுதான் நிம்மதி" என்பார் மற்றவர். இருவர் சொல்வதும் உண்மை. மருந்தும் ஒன்று, அளவும் ஒன்று, அனுபவம் மட்டும் இரண்டு. இதற்கான காரணங்கள் வாயில் போட்ட மாத்திரை போகும் வழியெங்கும் இருக்கின்றன.

மனச்சோர்வுக்கான முதல் மருந்துகள் தற்செயலாகக் கிடைத்தவை. 1952-இல் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். படுக்கையில் துவண்டு கிடந்தவர்களுக்கு உற்சாகம் பிறந்தது, பசி எடுத்தது. மனச்சோர்வுக்கான மருந்தாக அது மாறியது அப்படித்தான். சுவிட்சர்லாந்தில் மருத்துவர் ரோலண்ட் கூன், மனச்சிதைவு நோய்க்காக வந்த இமிப்ரமின் மருந்து மனச்சோர்வைக் குறைப்பதைக் கண்டு 1957-இல் எழுதினார். பலன் முதலில் கண்ணில் பட்டது. காரணத்தைத் தேடும் வேலை பிறகு தொடங்கியது. அந்தத் தேடல் இன்னும் முடியவில்லை.

மாத்திரை வயிற்றுக்குள் இறங்கியதும் முதல் வேறுபாடு தொடங்கிவிடுகிறது. நம் உடலில் உள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருளில் சுமார் 90 விழுக்காடு இருப்பது குடலில். செரட்டோனினைக் குறிவைக்கும் ஃப்ளுவாக்சடின், செர்ட்ராலின் போன்ற மருந்துகள் குடலையும் தொட்டுவிட்டுத்தான் போகும். முதல் வாரத்துக் குமட்டலும் வயிற்றுப்போக்கும் பெரும்பாலும் இதனால்தான். பலருக்கு இரண்டு வாரத்தில் இவை தணிந்துவிடும்.

அடுத்த இடம் கல்லீரல். அங்கே சிஒய்பி2டி6, சிஒய்பி2சி19 என்ற இரண்டு நொதிகள் இந்த மருந்துகளில் பலவற்றைச் சிதைக்கின்றன. இந்த நொதிகளை உருவாக்கும் மரபணுக்கள் எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. சிலருக்கு நொதி ஏறக்குறைய வேலையே செய்யாது. மருந்து ரத்தத்தில் தேங்கி, சிறிய அளவே பெரிய அளவாகிவிடும். வேறு சிலருக்கு நொதி மிக வேகமாக வேலை செய்யும். மருந்து பலன் தருவதற்குள் கரைந்துபோகும். சிஒய்பி2சி19 செயலற்றவர்கள் ஐரோப்பியரில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான். கிழக்கு ஆசியரிடம் நூற்றுக்குப் பத்துப் பேரையும் தாண்டும். இத்தகையவர்களுக்கு சிட்டலோபிராமை நாளொன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லியிருக்கிறது. "எனக்கு இந்த மருந்து ஒத்துக்கவே இல்லை" என்று ஒருவர் சொல்லும்போது, பேசுவது அவருடைய மரபணுவாகவும் இருக்கலாம்.

மூளைக்குள் நடப்பதுதான் பெரிய வியப்பு. நரம்பணு வெளிவிட்ட செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சும் வாயிலை இந்த மருந்துகள் சில மணி நேரத்திலேயே அடைத்துவிடுகின்றன. ஆனால் மனம் தேற இரண்டு முதல் ஆறு வாரம் ஆகிறது. செரட்டோனின் குறைவுதான் நோய் என்றால், அது கூடிய அன்றே நோய் தணிந்திருக்க வேண்டும். ஆகவே நிறைய வேலை அதற்குப் பிறகுதான் நடக்கிறது: ஏற்பிகளின் உணர்திறன் மாறுகிறது, நரம்பணுக்கள் ஒன்றோடொன்று புதிதாக இணையும் திறன் கூடுகிறது.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேத்தரின் ஹார்மர் குழுவினர் செய்த சோதனைகள் இதில் இன்னொரு கதவைத் திறந்தன. ஒரே ஒரு வேளை மருந்து எடுத்தவர்களுக்கு மனநிலை மாறியதாகத் தோன்றவில்லை. ஆனால் முகங்களின் படங்களைக் காட்டியபோது, மகிழ்ச்சியான முகங்களை அவர்கள் முன்னைவிட எளிதாக அடையாளம் கண்டார்கள். உலகைப் பார்க்கும் பார்வை முதலில் மாறுகிறது, அந்தப் பார்வையோடு வாழ்ந்து பழகப் பழக மனம் பின்னால் மாறுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். அப்படியானால், மருந்தோடு சேர்ந்து அன்பான பேச்சும் உளவியல் ஆலோசனையும் ஏன் தேவைப்படுகின்றன என்பதும் விளங்குகிறது.

பதற்றத்துக்கான மருந்துகளில் அனுபவம் இன்னும் கூர்மையாகப் பிரிகிறது. 1963-இல் விற்பனைக்கு வந்த டயசிபாமும் அதன் உறவான அல்பிரசோலமும் மூளையின் பிரேக்கான காபாவை நேரடியாக வலுப்படுத்துகின்றன. ஒரு மணி நேரத்துக்குள் நெஞ்சுப் படபடப்பு அடங்கும். அந்த வேகமே அவற்றின் ஆபத்தும்கூட. தொடர்ந்து எடுத்தால் உடல் பழகிக்கொள்ளும், பிறகு விடுவது கடினம். பஸ்பிரோனும் செரட்டோனின் மருந்துகளும் மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் அந்த அளவுக்குப் பிடிப்பை உண்டாக்குவதில்லை. நீண்டநாள் பதற்றத்துக்கு மருத்துவர்கள் முதலில் செரட்டோனின் மருந்துகளை எழுதுவது இதனால்தான்.

பக்கவிளைவுகளும் மருந்துக்கு மருந்து வேறு. மிர்டாசபின் ஹிஸ்டமின் ஏற்பியையும் மறிப்பதால் தூக்கமும் பசியும் கூடும். தூங்காமல் மெலிந்தவருக்கு அது வரம், எடைக்கு அஞ்சுபவருக்குத் தொல்லை. செரட்டோனின் மருந்துகள் பலருக்குப் பாலுறவு விருப்பத்தைக் குறைக்கின்றன. புப்ரோபியானில் அது அரிது, ஆனால் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு அந்த மருந்து ஆகாது. நிறுத்தும்போதும் இதே கதைதான். ஃப்ளுவாக்சடின் உடலைவிட்டு நீங்க வாரக்கணக்கில் ஆகும். வென்லாஃபாக்சின் சில மணி நேரத்திலேயே பாதியாகக் குறையும். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் தலைக்குள் மின்னதிர்ச்சி போன்ற உணர்வும் வரலாம்.

2018-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, 522 சோதனைகளில் 21 மருந்துகளை ஒப்பிட்டது. எல்லாமே வெற்று மாத்திரையைவிட மேலானவை. ஆனால் சராசரியில் அவற்றுக்கிடையே வேறுபாடு பெரிதல்ல. அமெரிக்காவின் ஸ்டார்-டி ஆய்வில், முதல் மருந்தில் நோய் அடங்கியவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்தான். அது பலிக்காமல் இன்னொன்றுக்கு மாறியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு நோய் அடங்கியது. முதல் மாத்திரை உதவவில்லை என்பது நோயாளியின் தோல்வி அல்ல. சிகிச்சையில் எதிர்பார்க்கக்கூடிய ஒரு கட்டம்.

எனவே அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளுங்கள். அது தனிமையைப் போக்கும். ஆனால் மாத்திரையைப் பகிராதீர்கள். பிறர் சொன்னதைக் கேட்டு ஆரம்பிக்கவோ நிறுத்தவோ வேண்டாம். உங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை, கூச்சப்படும் விஷயங்கள் உட்பட, மருத்துவரிடம் முழுமையாகச் சொல்லுங்கள். அடுத்த மருந்தைத் தேர்வதற்கு அதைவிட நல்ல தகவல் அவருக்குக் கிடைக்காது. 25 வயதுக்கு உட்பட்டவர்களை முதல் சில வாரங்கள் வீட்டார் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தற்கொலை எண்ணம் தலைதூக்கினால் காத்திருக்காதீர்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம்.