தக்காளிச் செடியைக் கிள்ளலாமா?

மூட்டுவலிக்கு மருந்து வாங்க வந்த மாடம்பாக்கத்து அம்மா ஒருவர், பையிலிருந்து நாலு தக்காளியை எடுத்து வைத்தார். ஒரு பக்கம் வெளுத்து, காகிதம் மாதிரி காய்ந்திருந்தது.

"இது என்ன நோய் டாக்டர்?"

"பக்கக் கிளையை எல்லாம் கிள்ளிட்டீங்களா?"

"ஆமா. அப்பத்தான் நிறைய காய்க்கும்னாங்களே!"

நோயில்லை, வெயில் சுட்ட புண். கொடி போல் நீளும் ரகத்துக்குத்தான், இலையும் தண்டும் சேரும் இடத்தில் முளைக்கும் தளிரைக் கிள்ள வேண்டும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 போன்றவை புதர் ரகம். பக்கக் கிளையிலும் காய்ப்பவை. கிள்ளினால் காயும் போச்சு, நிழலும் போச்சு!

இவற்றுக்கு, மண்ணைத் தொடும் அடி இலைகளை மட்டும் வெயில் நாளில் எடுங்கள். ஐப்பசி மழையில் சேறு தெறித்து இலைக்கருகல் பரவுவது குறையும். குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். தண்ணீரை வேரில், சீராக ஊற்றுங்கள். ஒருநாள் வெள்ளம், மறுநாள் வறட்சி என்றால் காயின் அடி கறுத்து அழுகும். புகையிலை தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் செடியைத் தொடாதீர்கள். தேமல் நோய் ஒட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்று: கிள்ளிய இலையைக் கீரையாக்கி விடாதீர்கள். அதிலுள்ள டொமாட்டின் வயிற்றைக் கெடுக்கும்.

விதை வாங்கும்போதே கொடியா, புதரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கத்தரியை அப்புறம் எடுக்கலாம்.