வண்டி நிறுத்த ஓர் இடம்

அமெரிக்காவின் ஷோஷோனி மக்கள் 1868-இல் ஒப்பந்தம் செய்துகொண்டது வாஷிங்டனில் உள்ள மத்திய அரசோடு. ஆனால் அவர்களும் பின்னர் வந்த அராபஹோ மக்களும் வாழும் விண்ட் ரிவர் ஒதுக்கீட்டு நிலத்தின் தண்ணீருக்கு 1977-இல் வழக்குத் தொடுத்தது வயோமிங் மாநில அரசு. அது முடிய 37 ஆண்டுகள் ஆயின. சுவிட்சர்லாந்தின் யெனிஷ் மக்கள் கதையும் ஏறக்குறைய இதுதான்: வாக்குறுதி தருவது பெர்னில் உள்ள மத்திய அரசு, நிலத்தைக் கையில் வைத்திருப்பது கன்டோன் எனப்படும் மாநிலங்களும் ஊராட்சிகளும். மத்தியில் கிடைக்கும் அங்கீகாரம் உள்ளூரில் இடமாக மாறாதவரை பாதி அங்கீகாரம்தான்.

யெனிஷ் மக்கள் சுமார் 30,000 பேர் என்பது மதிப்பீடு. சாணை பிடிப்பதும் பழைய இரும்பு வாங்குவதுமாக இன்றும் வண்டிகளிலேயே வாழ்ந்து ஊர் ஊராகப் போகிறவர்கள் இரண்டு மூவாயிரம் பேர்தான். இந்த நாடோடி வாழ்வை ஒழிக்கவே ப்ரோ யுவென்டூட் அறக்கட்டளை 1926 முதல் 1973 வரை சுமார் 600 குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தது. மத்திய அரசு பணம் தந்தது. பிரிக்கும் ஆணைகளில் கையெழுத்திட்டவை உள்ளூர்க் காப்பாளர் அலுவலகங்கள். 1972-இல் பெயோபாக்டர் இதழ் அதை அம்பலப்படுத்தியது. 1986-இல் குடியரசுத் தலைவர் அல்ஃபோன்ஸ் எக்லி மன்னிப்புக் கேட்டார். அது மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று அரசு ஒப்புக்கொண்டதோ 2025 பிப்ரவரியில். (நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நம் நாடாளுமன்றம் நிறைவேற்றியதே 2022-இல்தான், சுவிஸ்காரர்களைக் கேலி செய்யும் தகுதி நமக்கில்லை.)

வண்டியில் வாழ்வது அவர்கள் விருப்பம், அதற்கு ஊர் ஏன் நிலம் தர வேண்டும் என்று கேட்பார்கள். யெனிஷ் மக்கள் கேட்பது தானமல்ல, நிறுத்துமிடத்துக்கு அவர்கள் கட்டணம் செலுத்துகிறார்கள். வேண்டியதும் அதிகமில்லை: கோடைக்குச் சமதளமான ஒரு துண்டு நிலம், குழாய், மின் இணைப்பு, கழிப்பறை, குளிர்காலத்தில் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும்படி நிலையாகத் தங்க ஓர் இடம். ஊர்மக்கள் வாக்களித்து மறுப்பது ஜனநாயகம்தானே என்பது இதைவிட வலுவான வாதம். ஆனால் எண்ணிக்கையில் என்றும் ஜெயிக்க முடியாத மக்களுக்காகத்தான் உரிமை என்ற ஒன்று சட்டத்தில் இருக்கிறது. நிலப் பயன்பாட்டுத் திட்டங்களில் அவர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2003-இலேயே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும், 2020 பிப்ரவரியில், வில்லரோல்டிகன் கிராமத்தில் வெளிநாட்டிலிருந்து வரும் நாடோடி மக்களுக்கான ஒரே ஒரு நிறுத்துமிடத்துக்கு 33 லட்சம் ஃப்ராங்க் ஒதுக்கலாமா என்று பெர்ன் கன்டோன் முழுவதும் வாக்களிக்க வேண்டியிருந்தது. ஆதரவு பாதியைச் சற்றே தாண்டியது.