கடனா? கடமையா?

விடியுமுன் திருத்தணி ரயில் நிலையத்துக்குச் சென்று பாருங்கள், தோழர்களே! மலை மீது விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். பக்தர்கள் 365 படி ஏறி வரம் கேட்கச் செல்வார்கள். மலையடியிலேயோ மற்றொரு கூட்டம், கையிலே சோற்றுப் பாத்திரமும் சட்டைப் பையிலே மாதச் சீட்டுமாக, சென்னை செல்லும் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கூட்டத்திலே பட்டதாரிகள் உண்டு. பொறியியல் படித்தோர் உண்டு. பெற்ற பட்டத்தை வீட்டுச் சுவரிலே மாட்டிவிட்டு, பட்ட கடனை நெஞ்சிலே சுமந்து செல்லும் வாலிபர்கள் அவர்கள்!

கடன் என்ற சொல்லுக்குத் தமிழிலே பொருள் இரண்டு. திருப்பித் தரவேண்டிய பணமும் கடன். செய்து தீரவேண்டிய கடமையும் கடன். கல்வி தருவது நாட்டின் கடன் என்று நாம் சொல்லி வந்தோம். இன்றோ அந்தக் கடன் கைமாறி, படித்த பிள்ளையின் தலைமீது ஏறி உட்கார்ந்திருக்கிறது!

பள்ளிப்பட்டிலும் பொதட்டூர்ப்பேட்டையிலும் தறியோசை கேட்கும் தெருவிலே ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். பெயர் வேண்டாம், அத்தகைய வீடுகள் எத்தனையோ! மகன் பொறியியல் படிக்க ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 4 ஆண்டுக்கு 4 லட்சம் வங்கிக் கடன். வட்டி நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம். படிக்கும்போதும், படிப்பு முடிந்து ஓராண்டும் தவணை இல்லை. ஆனால் வட்டி உறங்குகிறதா? இல்லை! முதலாண்டுப் பணத்துக்கு 5 ஆண்டு வட்டி; அடுத்ததற்கு 4, பிறகு 3, பிறகு 2. ஆக 1,40,000 ரூபாய். தவணை தொடங்கும் நாளிலே கடன் 5,40,000!

10 ஆண்டிலே தீர்ப்பதென்றால் மாதம் 7,136 ரூபாய். மொத்தம் கட்டுவது 8,56,000க்கு மேல். 15 ஆண்டு என்றால் மாதம் 5,803; மொத்தம் 10,44,000க்கு மேல். மலைக்கோயிலுக்குப் படி 365. கல்விக் கடனுக்குப் படி 120 அல்லது 180. மலைப்படியிலே களைத்தால் உட்காரலாம். இந்தப் படியிலே உட்கார்ந்தால் ஆள் வருகிறது!

சம்பளம் 18,000. வீட்டு வாடகை 4,000. ரேஷன் அரிசி போக மளிகை, காய்கறி, பால் 6,500. மின்சாரமும் எரிவாயுவும் 1,500. போக்குவரத்து 1,000. தங்கை படிப்பு 2,000. அப்பாவின் மருந்து 1,000. கூட்டினால் 16,000. மிச்சம் 2,000. வங்கி கேட்பது 7,136! தந்தையின் தறிக்கூலி உதவாதா என்பீர்கள். அது பழைய கைமாற்றின் வட்டிக்கே போதவில்லை. சினிமா பார்க்கிறான், சிகரெட் பிடிக்கிறான் என்று சிக்கனம் போதிக்கும் சீமான்களைக் கேட்கிறோம்: இந்தப் பட்டியலிலே எதை அடிப்பது? பாலையா? மருந்தையா? தங்கையின் புத்தகத்தையா?

வாங்கிய கடனைக் கட்டவேண்டாமா என்று கேட்பர். கட்டத்தான் வேண்டும்! ஏமாற்றச் சொல்பவர்களல்ல நாம். ஆனால் 2014-15 முதல் 9 ஆண்டுகளிலே வங்கிகள் 14.56 லட்சம் கோடி ரூபாய் வாராக்கடனைக் கணக்கேட்டிலிருந்து நீக்கின என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். அதிலே ஏறத்தாழப் பாதி பெருந்தொழில்களின் கணக்கு. நீக்கியது தள்ளுபடி அல்ல, வசூல் தொடரும் என்பது அவர்கள் வாதம். இருக்கட்டும்! அங்கே காட்டும் பொறுமையிலே பத்தில் ஒரு பங்கு இங்கே காட்டக் கூடாதா?

இதே திருத்தணி மண்ணிலே 1888இல் பிறந்தவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். உதவித்தொகையிலே படித்தார். உறவினர் ஒருவர் தந்த பழைய தத்துவப் புத்தகங்களே அவரைத் தத்துவம் படிக்கவைத்தன என்பர். 1962இலே குடியரசுத் தலைவரானார். அன்று அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது உதவி. அதற்கு வட்டி இல்லை, தவணை இல்லை. இன்று அதே ஊர்ப் பிள்ளைக்குக் கிடைப்பது கடன்!

தமிழகம் சும்மா இருந்துவிடவில்லை. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு 2010இலே கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2021இலே அரசுப் பள்ளி மாணவருக்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 சதவிகித ஒதுக்கீடு வந்தது. அவர்களின் கட்டணத்தையும் அரசே ஏற்றது. அது கடமை அறிந்த செயல். ஆனால் அந்த வாசலுக்கு வெளியே நின்று, கடன் வாங்கிப் படித்துவிட்டவன் கதி என்ன?

வழி இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலே 1989 முதல், வருமானம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் கல்விக் கடன் வசூல். இங்கிலாந்திலே பட்டதாரியின் வருமானம் வரம்பைத் தாண்டினால், தாண்டிய தொகையிலே நூற்றுக்கு 9 மட்டும் பிடிக்கிறார்கள். வேலை போனால் பிடிப்பதில்லை. பல்லாண்டு கழித்து எஞ்சிய பாக்கி ரத்து. அங்கும் குறை உண்டு. ஆனால் சம்பளத்தைப் பார்த்துத் தவணை கேட்கும் நியாயம் அங்கே இருக்கிறது.

நாம் டில்லி சர்க்காரைக் கேட்பதும் அதுவே. சம்பளத்திலே பத்தில் ஒரு பங்குக்கு மேல் கேட்காதே! நமது நெசவாளி மகனுக்கு அது 1,800 ரூபாய். மிச்சமுள்ள 2,000க்குள் அடங்கும். 15 ஆண்டு ஒழுங்காகக் கட்டியபின் பாக்கி நின்றால், அதை நாடு ஏற்கட்டும்!

அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்கலாமா? கூடாது. கிளைத் தோழர்களுக்கு வேலை இருக்கிறது. 2009இலே கொண்டுவந்த மத்திய வட்டி மானியத் திட்டம், குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்கு மேற்படாத தொழிற்படிப்பு மாணவருக்கு, தவணை தொடங்கும்வரை ஏறும் வட்டியை ஏற்கிறது. நமது கணக்கிலே அது 1,40,000 ரூபாய்! மாதத் தவணை 7,136 என்பது 5,286 ஆகக் குறையும். படிக்கும்போதே வருமானச் சான்றோடு வங்கியிலே கேட்கச் சொல்லுங்கள். வேலையில்லாக் காலத்துக்குத் தவணையை ஒத்திவைக்கவும், தொடக்கத்திலே குறைவாகவும் பின்னர் கூடுதலாகவும் கட்டவும் வங்கிகளின் மாதிரித் திட்டமே இடம் தருகிறது. எழுத்திலே கேளுங்கள், ஒப்புகை வாங்குங்கள். தவணை 90 நாள் தவறினால் வாராக்கடன் என்று முத்திரை விழும். அதற்கு முன்பே போய்ப் பேசுங்கள், ஓடி ஒளியாதீர்கள். வங்கித் தவணைக்காகக் கந்துவட்டி வாங்காதீர்கள். அது பாம்புக்குப் பயந்து புலி வாயில் விழுவது. வசூல் ஆட்கள் காலை 8க்கு முன்னும் இரவு 7க்குப் பின்னும் அழைக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இலே உத்தரவிட்டிருக்கிறது. மிரட்டலுக்கு அஞ்சாதீர்கள்.

திருத்தணி, ஆந்திரத்தோடு போனபின் போராடித் திரும்பப் பெற்ற ஊர். 1960 ஏப்ரல் 1இலே அது தமிழகம் சேர்ந்தது. மண்ணை மீட்ட ஊரிலே, மகனின் சம்பளத்தையும் மீட்போம்! பிள்ளையின் கடனைப் பிள்ளை கட்டுவான். நாடு தன் கடனைச் செய்யட்டும்!